அமெரிக்காவின் ஆலைகளும் யாழ்ப்பாணத்தின் காசுக்கட்டளைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பிரிவில், கண்டிவீதியின் மருங்கில் அமைந்த ஊர் கொடிகாமம். தெற்கேயிருந்து ஆனையிறவைக் கடந்து வருவோர் பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில் ஆகிய ஊர்களைத் தாண்டியதும் இதனை அடைவர். பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியொன்று இங்கே கண்டிவீதியினின்றும் பிரிகின்றது. தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் பேர்போன தென்மராட்சியின் விளைபொருள்கள் இவ்வூர்ச் சந்தையிலே வந்து குவியும். புகையிரத நிலையம் ஒன்றும் இங்கு உண்டு. இத்தகைய ஊருக்கும் அமெரிக்காவிலுள்ள பிற்ஸ்பேர்க் நகரத்து உருக்காலைக்கும், டிட்றோயிற் நகரத்து மோட்டார்வண்டித் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பு என்று வினவினால் பலர் நகைக்கக்கூடும். ஆயினும் தொடர்பு இருந்தது. அத்தொடர்பு இவ்வூரையும் இதனை அடுத்த ஊர்களையும் வாழவும் வைத்தது, வருந்தவும் வைத்தது.

1897 ஆம் ஆண்டு தை மாதத்தில் சுவாமி விவேகானந்தர் இக்கண்டிவீதி வழியாகவே யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1893 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்துச் சர்வமத மகாசபையிற் பேசியபின், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில ஆண்டுகள் தங்கி, அவர் கொழும்பிலே கப்பலால் இறங்கியிருந்தார். அக்காலத்திலே புகையிரதம் மாத்தளை வரையில்தான் ஓடியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 200 மைல். அத்தூரத்தை அவர் குதிரைவண்டியிலும், வழியில் அவ்வண்டி பழுதுற்றபோது மாட்டுவண்டியிலும் கடந்தார். உலகிலே மிகுந்த நீளமான இருப்புப்பாதைகளை உடைய நாட்டிலிருந்து வந்தவர், இருப்புப்பாதையே எட்டிப்பாராத காட்டுவழியால் யாழ்ப்பாணம் புகுந்தார். எட்டாண்டுகள் கழிந்து, 1905 ஆம் ஆண்டிலே, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையில் புகையிரதம் கொடிகாமத்தினூடாக ஓடத் தொடங்கியது. அமெரிக்காவிலே அப்போது நிகழ்ந்துகொண்டிருந்த மாறுதலின் பெருவட்டத்துக்குள் இக்குடாநாடும் அதே காலத்தில் இழுக்கப்பட்டது. அதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் அமெரிக்காவின் நிலையை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வடபகுதிக்கும் தென்பகுதிக்குமிடையே 1861 ஆம் ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போர் 1865 ஆம் ஆண்டு முடிவுற்றது. அடிமை முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அந்நாடு அடைந்த மாற்றம் அதற்குமுன் எந்த நாடும் அத்துணை விரைவில் அடையாதது. போர் முடிந்தபோது அங்கிருந்த இருப்புப்பாதையின் நீளம் ஏறக்குறைய 35,000 மைல். 1900 ஆம் ஆண்டிலே அது 1,90,000 மைலைக் கடந்தது. 1869 ஆம் ஆண்டு வைகாசி 10 ஆம் நாள் யூற்றா பிரதேசத்திலே கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது, அத்திலாந்திக் சமுத்திரக் கரையும் பசுபிக் சமுத்திரக் கரையும் ஒரே சந்தையாயின. ஓரிடத்து நிலக்கரியும் வேறோரிடத்து இரும்புத்தாதும் பிறிதோரிடத்துக் கோதுமையும் அப்பாதைகளாற் சேர்ந்தன. சேர்ந்த இடங்களிலே நகரங்கள் தோன்றின.

இரும்பை உருக்காக மாற்றும் தொழிலை அன்றூ கார்னெகி என்பவர் பெருக்கினார். ஸ்கொத்லாந்திலே கைநெசவாளர் ஒருவருடைய மகனாகப் பிறந்து, சிறுவயதிலே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பஞ்சாலையிலே கூலிவேலை செய்து வளர்ந்தவர் அவர். தமது உருக்காலைகளை அவர் 1901 ஆம் ஆண்டு 48 கோடி டொலருக்கு விற்றார். மண்ணெண்ணெயைச் சுத்திகரித்து விற்கும் தொழிலை ஜோன் றொக்பெல்லர் 1870 ஆம் ஆண்டிலே நிறுவிய கம்பனி ஏறத்தாழ முழுவதுமே தன் கைக்குள் அடக்கிக்கொண்டது. ஆசியாவிலே குடிசைகளில் எரிந்த விளக்குகளுக்கும் அக்கம்பனியின் எண்ணெய் கப்பலேறி வந்தது.

ஆனால் இச்செல்வத்துக்கு வேறொரு முகமும் உண்டு. மார்க் துவெயின் என்னும் எழுத்தாளர் 1873 ஆம் ஆண்டிலே மற்றொருவரோடு சேர்ந்து எழுதிய நாவலுக்குப் பொன்முலாம் பூசிய காலம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். மேலே பொன்னாகத் தோன்றினும் உள்ளே மட்டமான உலோகமே உள்ளது என்பது கருத்து. வரலாற்றாசிரியர் அத்தொடரையே அக்காலத்துக்குப் பெயராக வழங்கிவிட்டனர். 1900 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட சிறுவர் சிறுமியருள் ஏறத்தாழ 17½ இலட்சம்பேர் கூலிவேலை செய்துவந்தனர். 1892 ஆம் ஆண்டு ஹோம்ஸ்ரெட் என்னுமிடத்திலிருந்த கார்னெகியின் ஆலையிலே தொழிலாளர் சங்கத்தை ஒடுக்குவதற்கு ஆயுதந்தாங்கிய காவலாளர் வரவழைக்கப்பட்டனர். கைகலப்பிலே இருபக்கத்திலும் உயிர்கள் மாண்டன. பசுபிக் கரையிலிருந்து இருப்புப்பாதையை மலை குடைந்து அமைத்தவர்களிற் பெரும்பாலார் சீனத் தொழிலாளர். பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1882 ஆம் ஆண்டிலே, சீனத் தொழிலாளர் அந்நாட்டினுள் வருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. உழைப்பு வேண்டியிருந்தது. உழைத்தவர்கள் வேண்டியிருக்கவில்லை.

1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்பின், குடியேறுவதற்கு வெறுநில எல்லை என ஒன்று இனி நாட்டிலே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆலைகள் உற்பத்தி செய்த பண்டங்களுக்கோ புதிய சந்தைகள் தேவைப்பட்டன. கடற்படை வலிமையே நாட்டின் வலிமை என்று போதித்தவர்களுக்குச் செல்வாக்கு ஏறியது. 1898 ஆம் ஆண்டிலே ஸ்பெயின் தேசத்தோடு மூண்ட போர் சில மாதங்களில் முடிந்தது. போட்டோ றிக்கோவும் குவாமும் அமெரிக்கா வசமாயின. பிலிப்பைன் தீவுகளுக்கு 2 கோடி டொலர் கொடுத்து அவற்றையும் அது பெற்றுக்கொண்டது. ஹவாய்த் தீவுகளும் அவ்வாண்டிலேயே இணைக்கப்பட்டன. ஸ்பெயினிடமிருந்து விடுதலை வேண்டிப் போராடிய பிலிப்பைன் மக்கள், புதிய எசமானரை எதிர்த்தும் போராடிப் பெருந்தொகையாக மடிந்தனர். மார்க் துவெயினும் கார்னெகியும் வேறு பலரும் இவ்விரிவை வெளிப்படையாகக் கண்டித்தனர். 1901 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் ஒரே கப்பலில் மணிலாவை அடைந்தனர். படைக்குப் பின்னாலே பள்ளிக்கூடம் சென்றது.

யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது வேறுவகையானது. இங்கே அமெரிக்கப் படை வரவில்லை. பள்ளிக்கூடம் மட்டுமே வந்தது, அதுவும் பிலிப்பைனுக்கு எண்பத்தைந்து ஆண்டுகள் முந்தியே வந்தது. பொஸ்ரன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816 ஆம் ஆண்டிலே பிரித்தானியராட்சிக்குட்பட்டிருந்த குடாநாட்டை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 ஆம் ஆண்டு உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. 1841 ஆம் ஆண்டு உதயதாரகை என்னும் பத்திரிகை வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிலே பயின்றவர்களே. அவ்விருவருள் முன்னவர் பின்னாளிலே பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்குரியவரானார்.

இம்மிஷன் கல்வியின் வரலாற்றிலே ஊன்றி நோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1855 ஆம் ஆண்டிலே பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவினர் செமினரியை மூடச் செய்தனர். ஆங்கிலங் கற்ற மாணவர் சமயப் பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர் என்பதே அவர்களுடைய முறைப்பாடு. அம்முறைப்பாட்டிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஊரவர் ஆங்கிலக் கல்வியைக் கைவிட ஒருப்படவில்லை. உள்ளூர்க் கிறித்தவர்களின் ஊக்கத்தினால் 1872 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலேயே எழுந்தது. மறுபுறத்திலே, ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிக் காட்டிய வழியிற் சைவப் பெருமக்களும் பாடசாலைகளை அமைத்தனர். 1890 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றியது. விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டிலே சொற்பொழிவாற்றியது அக்கல்லூரியிலேயே. சமயப் போட்டியினால் விளைந்த நன்மை யாதெனின், சிறிய நிலப்பரப்பொன்றிலே பாடசாலைகள் நெருக்கமாக முளைத்தன.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மற்றொருவர் வேறொரு வழியைக் காட்டினார். அவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 ஆம் ஆண்டிலே வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். உடற்கூற்றியல் முதலான துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் ஆக்கினார். தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தங்கித் தன் ஊராருக்குத் தொண்டு செய்வான் என்பதே அவருடைய நோக்கம். அவர் 1873 ஆம் ஆண்டு தம் நாடு திரும்பியபின் அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அறிவு ஊருக்குள் இறங்குவதற்கு ஒரு பாதையும், ஊரைவிட்டு உத்தியோகத்துக்குச் செல்வதற்கு ஒரு பாதையுமாக இரண்டு பாதைகள் அக்காலத்து யாழ்ப்பாணத்தின்முன் கிடந்தன. இரண்டாவது பாதையே பெருவழியாயிற்று.

அதற்குக் காரணம் மக்களின் பேராசையன்று. குடாநாட்டிலே ஆறில்லை. கிணற்று நீரை இறைத்தே தோட்டஞ் செய்தல் வேண்டும். புகையிலை, பனை, தென்னை, மழையை நம்பிய நெல் ஆகியவையே பொருள் தருவன. பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்ட காணி தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே போயிற்று. ஆங்கிலம் படித்த இளைஞரோ ஆண்டுதோறும் பெருகினர். அவர்களுக்கு வேலை தரக்கூடிய ஆலையும் இங்கே இல்லை, துறைமுகமும் இங்கே இல்லை. அந்த வேளையிலேதான் கடலுக்கப்பால் மலாயாவிலிருந்து அழைப்பு வந்தது.

மலாயாவை வளமாக்கியவை இரண்டு பொருள்கள். ஒன்று வெள்ளீயம், மற்றது றப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உலகில் எடுக்கப்பட்ட வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே கிடைத்தது. இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசித் தகரமாக்கி, உணவை அடைத்து விற்கும் பேணிகளைச் செய்யும் தொழில் அமெரிக்காவிலே பெருகியிருந்தது. அந்நாட்டு மண்ணிலோ வெள்ளீயம் அரிது. றப்பரின் கதை இன்னும் வியப்பானது. 1876 ஆம் ஆண்டு பிறேசில் நாட்டிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மலாயாவுக்கும் கன்றுகள் சென்றன. இம்மரங்கள் வளர்ந்து பாலூறிய காலமும் அமெரிக்காவிலே மோட்டார்வண்டி பிறந்த காலமும் ஒன்றாயமைந்தன. 1900 ஆம் ஆண்டிலே அந்நாடு முழுவதிலும் இருந்த மோட்டார்வண்டிகள் ஏறத்தாழ 8,000. ஹென்றி போர்ட் 1908 ஆம் ஆண்டிலே வெளியிட்ட மலிவான வண்டியும், 1913 ஆம் ஆண்டிலே அவர் புகுத்திய நகரும் தொழில்வரிசை முறையும் நிலைமையை மாற்றின. 850 டொலர் விலையில் விற்ற வண்டி 1925 ஆம் ஆண்டளவில் 300 டொலருக்கும் குறைந்தது. 1929 ஆம் ஆண்டிலே அங்கு ஓடிய வண்டிகள் இரண்டு கோடியைக் கடந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் றப்பர். ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலிருந்த ரயர் ஆலைகள் மலாயாவின் தோட்டங்களை நோக்கியே காத்திருந்தன.

வெள்ளீயத்தையும் றப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல இருப்புப்பாதை வேண்டும். மலாயாவின் முதற்பாதை 1885 ஆம் ஆண்டு தைப்பிங் நகருக்கும் போட் வெல்ட் துறைக்குமிடையே திறக்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டிலே மலாய் அரசுகள் நான்கு ஒன்றிணைக்கப்பட்டபின் பாதைகள் விரைவாக நீண்டன. இலங்கையிலே பொதுவேலைப் பகுதியிற் கடமையாற்றிய சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் 1891 ஆம் ஆண்டு சிலாங்கூருக்குச் சென்று, 1901 ஆம் ஆண்டிலே அங்குள்ள புகையிரதப் பகுதியின் தலைவரானார். யாழ்ப்பாணத்து இளைஞரின் ஆங்கில அறிவையும் கணக்குத் திறமையையும் அவர் நன்கறிந்தவர். அவர் காலத்திலே அவர்கள் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். இலிகிதராகவும், நிலைய அதிபராகவும், நிலஅளவையாளராகவும், வைத்தியசாலை உதவியாளராகவும், ஆசிரியராகவும் கடமை ஏற்றனர். கோலாலம்பூரிலே பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய பகுதிகள் யாழ்ப்பாணத்துக் குறிச்சிகள் போலாயின. விவேகானந்தருடைய பெயரால் 1904 ஆம் ஆண்டிலே பிறிக்பீல்ட்சில் ஓர் ஆச்சிரமத்தை நிறுவியவர்களும் இவர்களே.

இவ்வாறு ஒரு சங்கிலி முழுமையாயிற்று. அமெரிக்க மிஷன் ஏற்றிய ஆங்கிலக் கல்வி இளைஞனை உருவாக்கியது. பிரித்தானியராட்சி அவனுக்கு மலாயாவிலே நாற்காலி கொடுத்தது. அமெரிக்க ஆலை வாங்கிய வெள்ளீயமும் றப்பரும் அந்நாற்காலிக்குரிய சம்பளத்தை ஈட்டின. அச்சம்பளத்தின் ஒரு பகுதி மாதந்தோறும் காசுக்கட்டளையாக யாழ்ப்பாணத்துத் தபாற்கந்தோர்களுக்கு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலே ஆலைப் புகைபோக்கி ஒன்றுகூட எழாமலே, அமெரிக்கக் கைத்தொழிற் பெருக்கம் கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது.

அக்காசுக்கட்டளைகள் ஊரின் தோற்றத்தை மாற்றின. மண்சுவரும் கிடுகுக்கூரையும் இருந்த வளவுகளிலே கல்வீடுகள் எழுந்தன. கோயில்கள் திருப்பணி கண்டன. பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் கிடைத்தன. தம்பிமார் படித்தனர், தங்கைமாருக்குத் திருமணமாயிற்று. அதே வேளையிலே சீதனத்தின் அளவும் ஏறியது. மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு ஒரு விலை, ஊரிலே தோட்டஞ் செய்யும் மாப்பிள்ளைக்கு வேறொரு விலை என்றாயிற்று. துலாவை மிதித்து நீரிறைத்துப் பயிர்செய்த தந்தை, தன் மகன் அதனைத் தொடாதிருக்க வேண்டும் என்றே விரும்பினான். பிள்ளை பேசத் தொடங்குமுன் கப்பலேறிய தகப்பன், பிள்ளை பள்ளிக்கூடஞ் செல்லும் வயதிலே விடுமுறையில் வந்து அறிமுகமாகும் நிலையும் இருந்தது. வளவையும் வழக்கையும், மாமியாரையும் மக்களையும் தனியே கட்டிக்காத்த மனைவியரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் பதியப்படவில்லை.

யாவரும் இவ்வழியாற் செல்லவும் இயலவில்லை. ஆங்கிலப் பாடசாலையின் வாயில் எல்லாச் சாதியாருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமரலாம் என்பதுகூட 1930 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்திற் பெருஞ் சச்சரவுக்குள்ளாயிற்று. வாங்கிலே இருக்க இடம் பெறாதவனுக்குக் கப்பலிலே இடங் கிடைப்பது எங்ஙனம்? சீனத் தொழிலாளன் அமைத்த பாதையால் வளம்பெற்ற அமெரிக்கர் அவனையே தடுத்து வைத்ததைக் குறைகூறும்போது, இச்செய்தியையும் உடன்வைத்து எண்ணுதல் நேர்மையாகும்.

1929 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே நியூயோர்க் நகரத்துப் பங்குச்சந்தை வீழ்ந்தது. அவ்வாண்டிலே அமெரிக்காவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மோட்டார்வண்டிகள் செய்யப்பட்டன. 1932 ஆம் ஆண்டிலே அத்தொகை பதினைந்து இலட்சத்துக்கும் குறைந்தது. 1925 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் இறாத்தல் ஒன்றுக்கு ஒரு டொலரையும் தாண்டி விற்ற றப்பர், 1932 ஆம் ஆண்டிலே சில சதங்களுக்கு விழுந்தது. மலாய் அரசின் வருவாய் வற்றியது. அரசாங்கப் பகுதிகளில் ஆட்குறைப்பு நடந்தது. வேலையிழந்த இலங்கையர் பலர் குடும்பத்தோடு திரும்பினர். வரவேண்டிய காசுக்கட்டளை வராத வீடுகளிலே அரைகுறையாக எழுந்த சுவர்கள் அப்படியே நின்றன. மழை பொய்த்தால் ஏன் பயிர் வாடியது என்று உழவனுக்குத் தெரியும். தன் மகனுடைய உத்தியோகம் ஏன் போயிற்று என்று யாழ்ப்பாணத்துத் தாய்க்கு எவர் விளக்கியிருப்பார்?

மீண்டும் நிலைமை சற்றே தேறியபோது போர் வந்தது. 1941 ஆம் ஆண்டு மார்கழியிலே யப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. 1942 ஆம் ஆண்டு மாசியிலே சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் 1945 ஆம் ஆண்டு வரையிலும் பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. உயிரோடிருக்கின்றாரோ இல்லையோ என்று அறியாமலே ஆண்டுகள் கழிந்த குடும்பங்கள் பல. போர் முடிந்தபின் ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊரார் மலாயன் பென்சனியர் என அழைத்தனர். 1957 ஆம் ஆண்டிலே மலாயா சுதந்திரம் பெற்று, தன் உத்தியோகங்களைத் தன் குடிகளுக்கே உரியவையாக்கிக்கொண்டது. அது நியாயமானதே. இதற்குள் யாழ்ப்பாணத்தார் பெரிதும் கொழும்பு அரசாங்க உத்தியோகத்தை நாடியிருந்தனர். 1956 ஆம் ஆண்டிலே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் அவ்வாயிலையும் ஒடுக்கியது.

அமெரிக்கரின் அனுபவத்தையும் யாழ்ப்பாணத்தாரின் அனுபவத்தையும் ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. அமெரிக்காவிலே ஆலையின் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு வாக்குச்சீட்டும், சங்கமும், பத்திரிகையும், நீதிமன்றமும் அதே நாட்டிலே இருந்தன. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் 1906 ஆம் ஆண்டிலே பிறந்தது. றொக்பெல்லரின் ஏகபோகக் கம்பனி 1911 ஆம் ஆண்டிலே நீதிமன்றத் தீர்ப்பினாற் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டிலே நியூயோர்க் நகரத்து ஆடைத் தொழிற்சாலையொன்றிலே தீப்பற்றி 146 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாண்டபின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. சிறுவர் உழைப்பை நாடளாவிய வகையில் கட்டுப்படுத்தும் சட்டம் 1938 ஆம் ஆண்டிலே நிலைபெற்றது. இவை எளிதில் வந்தவையல்ல. கறுப்பின மக்களுக்கு இவற்றின் பயன் முழுமையாகக் கிட்டவுமில்லை. ஆயினும் தவறு நிகழ்ந்த இடத்திலேயே அதனைத் திருத்தும் கருவியும் இருந்தது.

யாழ்ப்பாணத்தானுக்கோ வீடு ஒரு நாட்டிலும், சம்பளம் மற்றொரு நாட்டிலும், அச்சம்பளத்தைத் தீர்மானித்த விலை மூன்றாவது நாட்டிலும் இருந்தன. மூன்று நாடுகளிலும் அவன் சொல் அம்பலம் ஏறவில்லை. வாயிலைத் திறந்தவரும் பிறர், அடைத்தவரும் பிறர். திறந்திருந்த காலத்திலே வந்த பணத்தைக் கொண்டு என்ன செய்தான் என்பதொன்றே அவன் கையில் இருந்தது. அதிலே பெரும்பகுதி வீட்டுக்கும் சீதனத்துக்கும் கோயிலுக்கும் சென்றது. பாடசாலைகளுக்குச் சென்ற பங்கு பெருநன்மை பயந்தது. ஊரிலேயே தொழில் வளர்க்கச் சென்ற பங்கு மிகச் சிறிது. விலக்காகச் சில முயற்சிகள் உண்டு. மூளாய் என்னும் கிராமத்தார் 1936 ஆம் ஆண்டிலே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை நிறுவினர். பணம் கல்லாக உறையாமல் ஊரின் பணியாக இயங்குவதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இக்கதை பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. 1950 ஆம் ஆண்டளவிலே காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை, போரின் காரணமாக 1990 ஆம் ஆண்டிலே நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே புகையிரதமும் நின்றது. கொடிகாமத்தினூடாகச் சென்ற தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 1983 ஆம் ஆண்டு வன்செயலின்பின் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்றவர்கள் மலாயாவுக்குச் சென்றவர்களைப்போல் உத்தியோகம் நாடிச் சென்றவரல்லர். பலர் உயிர்காக்கச் சென்றவர். 2014 ஆம் ஆண்டிலே புதிய தண்டவாளம் இடப்பட்டுப் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. காசுக்கட்டளையின் இடத்தை வங்கிக் கணக்கு பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரின் இடத்தை ரொறன்ரோ பிடித்துக்கொண்டது. கடலுக்கப்பாலிருந்து வரும் பணத்தால் ஊரிலே சுவர் எழும்பும் வழக்கமோ அப்படியே தொடர்கின்றது.

வெளிநாடு செல்வது குற்றமன்று. கடலோடிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு அதனைக் குற்றமெனக் கூறுவதும் பொருந்தாது. ஆயினும் அமெரிக்காவின் வரலாறும் மலாயாவின் வரலாறும் ஒருங்கே புகட்டும் பாடம் ஒன்றுண்டு. வருவாயின் ஊற்று எங்கோ இருக்கும்போது, அது வற்றும் நாளும் எங்கோ குறிக்கப்படுகின்றது. அந்த நாளுக்குமுன் அதன் நீரை ஊர்க் கிணற்றுக்குள் இறக்கிக்கொள்வதே அறிவுடைமை. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் தமிழிற் கற்பித்தபோது கருதியதும், மூளாய் மக்கள் வைத்தியசாலை அமைத்தபோது செய்ததும் அதுவே.

கொடிகாமம் சந்தையிலே இன்றும் தேங்காய் குவிகின்றது. பருவத்திலே மாவும் பலாவும் வந்து சேர்கின்றன. பலாப்பழம் சிலநாளில் அழுகும் இயல்பினது. அதனைப் பதப்படுத்திப் பேணியில் அடைக்கும் கலையை அமெரிக்கர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பெருந்தொழிலாக்கினர். அப்பேணிக்கு வேண்டிய வெள்ளீயம் ஏறிச்சென்ற புகையிரதங்களுக்குக் கணக்கெழுதியவர்களுள் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர். பிறருடைய பண்டத்துக்கு அத்துணை நேர்த்தியாகக் கணக்கெழுதிய சமூகம், தன் சந்தையில் அழுகும் பழத்துக்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்க்க வேண்டிய காலம் இது. தெற்கே செல்லும் புகையிரதம் இப்பொழுதும் கொடிகாமத்தில் நின்று செல்கின்றது. அதிலே ஏறிச்செல்வது இளைஞர் மட்டுந்தானா, ஊரிலே செய்த பண்டமும் உண்டா என்பதை ஊரவரே தீர்மானித்தல் வேண்டும்.